ஐஎஸ்ஓ (சர்வதேச தர நிர்ணய அமைப்பு) ஸ்டாண்டர்டு மூணையும் ஒரே சிஸ்டமா சேர்க்கணுமா?

தரப்பிரிவு_ஆள்:
பெரிய கம்பெனில குவாலிட்டிக்கு 9001, சுற்றுச்சூழலுக்கு 14001, சேஃப்டிக்கு 45001னு மூணு மேனுவல், மூணு இன்டர்னல் ஆடிட், மூணு ரிவ்யூ மீட்டிங்னு ஓடுறத பாத்தா நெஜமாவே வருத்தமா இருக்கு. ஒரே ஃபோர்க்லிஃப்ட் டிரைவரோட டிரெய்னிங் ரெக்கார்டு மூணு ஃபைல்ல கிடக்குது, ஒண்ணுல அப்டேட் ஆகும் மத்ததுல ஆகாது. ஐஎஸ்ஓவே 2012ல அனெக்ஸ் எஸ்எல்னு ஒரு பொது வடிவம் கொண்டு வந்துச்சு, 2015ல வந்த 9001, 14001, அப்புறம் 2018ல வந்த 45001 எல்லாத்துக்கும் அதே பத்து பிரிவு தான். சேர்க்குறதுக்கு வசதியா தானே செஞ்சு வச்சிருக்காங்க?

சேஃப்டி_டெஸ்க்:
பிரிவு நம்பர் ஒண்ணா இருந்தா வேலையும் ஒண்ணாயிடுமா சார்? சேர்த்ததும் மொதல்ல என்ன பண்ணுவாங்க, ஒரே ரிஸ்க் ரெஜிஸ்டர் (ஆபத்துகளோட பட்டியல்), ஒரே ஸ்கோர். அடிக்கடி வர்ற பெயின்ட் கீறலுக்கு வாய்ப்பு 5, பாதிப்பு 3, பெருக்கினா 15. சால்வென்ட் (கரைப்பான்) டேங்க் வெடிக்குறதுக்கு வாய்ப்பு 1, பாதிப்பு 5, பெருக்கினா 5. மீட்டிங்ல மேல இருந்து பத்து ஐட்டம் பேசி முடிச்சுட்டு எந்திரிச்சுருவாங்க, டேங்க் பேர யாரும் எடுக்கவே மாட்டாங்க. அமெரிக்கால டெக்சாஸ் சிட்டில பிபி எண்ணெய் கம்பெனியோட ரிஃபைனரி, 2005 மார்ச் 23, டவர்ல அளவுக்கு மீறி நிரம்பி வெடிச்சதுல 15 பேர் செத்தாங்க, 180 பேருக்கு காயம். அப்புறம் அத ஆராஞ்ச பேக்கர் கமிட்டி 2007 அறிக்கைல சொன்னது என்னன்னா, கை கால் அடிபடுற விகிதத்த வச்சே ப்ராசஸ் சேஃப்டியும் (கசிவு, வெடிப்பு மாதிரி பெரிய விபத்த தடுக்கறது) நல்லா இருக்குன்னு நம்பிட்டாங்கன்னு. அங்க சேஃப்டிக்குள்ளயே ஒரு நம்பர் இன்னொன்ன மறைச்சுது, நீங்க மூணு துறைய ஒரே டேஷ்போர்டுல போடணும்ங்கறீங்க.

தரப்பிரிவு_ஆள்:
ஸ்கோர் விஷயம் ஒத்துக்கிறேன், ரெஜிஸ்டர் தனியாவே இருக்கட்டும். ஆனா நான் சேர்க்க சொல்றதுக்கு முக்கிய காரணம் பேப்பர் மிச்சம் இல்ல, சேஞ்ச் மேனேஜ்மென்ட். கிளீனிங் சால்வென்ட்ட மாத்துறோம்னு வைங்க, குவாலிட்டி டெஸ்ட் பண்ணி ஓகே சொல்லிடும், பர்ச்சேஸ் ஆர்டரும் போயிடும், அந்த டிரம் கேட்டுக்குள்ள வந்தப்புறம் தான் ஃப்ளாஷ் பாயின்ட் (எந்த வெப்பத்துல அதோட ஆவி தீப்பிடிக்கும்) என்ன, கழிவ எங்க அனுப்பறதுன்னு உங்காளுங்க கேக்குறாங்க. ஒரே ஃபார்ம், மூணு துறை கையெழுத்து இல்லாம பர்ச்சேஸ் நகரக்கூடாதுன்னு வச்சா உங்களுக்கு தானே பாதுகாப்பு?

ஆடிட்_பக்கம்:
நடுவுல வர்றேன். சேர்த்து ஆடிட் பண்ணா நாள் குறையும்னு தான் நிறைய மேனேஜ்மென்ட் இதுக்கு தலையாட்டுது. ஐஏஎஃப் (சர்வதேச அங்கீகார மன்றம்) விதிப்படி அதிகபட்சம் 20 சதவீதம் வரைக்கும் தான் குறைக்கலாம், அதுவும் சிஸ்டம் நெஜமா இணைஞ்சிருந்தா. மூணு மேனுவலையும் ஒரே பைண்டிங் போட்டு வைக்கறது இணைப்பு ஆகாது. குவாலிட்டி மட்டும் தெரிஞ்ச இன்டர்னல் ஆடிட்டர அனுப்பி லாக்அவுட் (ரிப்பேர் பண்றப்ப மெஷின் ஓடாம பூட்டி வைக்கறது), ஹாட் வொர்க் பெர்மிட்ட (வெல்டிங் மாதிரி தீப்பொறி வர்ற வேலைக்கான அனுமதி) பாக்க சொல்றதும் தப்பு, அவருக்கு பேப்பர்ல கையெழுத்து இருக்கான்னு தான் பாக்க தெரியும்.

சேஃப்டி_டெஸ்க்:
தரப்பிரிவு சார், அந்த ஃபார்ம் நல்ல யோசனை, எங்களுக்கே வேணும். ஆனா அதுல யாரோட 'நோ' செல்லும்னு எழுதி வைக்காம விட்டா மாச கடைசில டிஸ்பாட்ச் பிரஷர்ல 'கண்டிஷனல் அப்ரூவல்'னு ஒரு முத்திரை வந்துரும். இன்னொண்ணு, 45001ல 5.4னு ஒரு பகுதி இருக்கு, மேனேஜர் இல்லாத தொழிலாளர்கிட்ட கலந்து பேசணும், முடிவுல அவங்களுக்கு பங்கு இருக்கணும்னு சொல்லுது. 9001ல அப்படி ஒண்ணு கிடையாது. சேர்த்து எழுதுற மேனுவல்ல மொதல்ல சுருங்குறது அந்த பகுதி தான், காண்ட்ராக்ட் ஆளுங்கள யாரும் கூப்பிட்டு கேக்கறதே இல்ல, ஆபத்து அவங்க பக்கத்துல தான் நிக்குது.

தரப்பிரிவு_ஆள்:
சரி, அப்போ சேஞ்ச் ஃபார்ம், டிரெய்னிங், டாக்குமென்ட் கன்ட்ரோல் ஒண்ணா, ரிஸ்க் ரெஜிஸ்டர் தனியா, சேஃப்டி 'நோ' சொன்னா பிளான்ட் ஹெட் கூட தாண்ட முடியாது, இத எழுத்துல போட்டா நீங்க சம்மதிப்பீங்களா?

சேஃப்டி_டெஸ்க்:
பிளான்ட் ஹெட் மொதல்ல கையெழுத்து போடட்டும் சார், அப்புறம் நான் போடுறேன்.