தேம்ஸுக்கு 'தி' உண்டு, பக்கிங்ஹாம் பேலஸுக்கு ஏன் இல்லை?

வடபழனி வாசகன்:
சுற்றுலா நிறுவனம் ஒன்றில் பயணத் திட்டங்களை ஆங்கிலத்தில் எழுதும் வேலை எனக்கு. போன வாரம் லண்டன், நெதர்லாந்து பயணத்துக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், மேலதிகாரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். 'தி பக்கிங்ஹாம் பேலஸ்' என்று எழுதியதில் 'தி'யை அடித்திருக்கிறார், ரெண்டு வரி தள்ளி வெறும் தேம்ஸ் என்று இருந்த இடத்தில் 'தி'யைச் செருகியிருக்கிறார். ஏன் சார் என்று கேட்டால் "காதுக்கு இடிக்குதுப்பா" என்கிறார். என் காதுக்கு ரெண்டும் ஒன்றுதான். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது, வைகை என்றால் வைகை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
தம்பி, பெயருக்கு முன்னால் 'தி' வராது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தோமே, அது ஆள் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும்தான் ஓரளவு சரி. ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் என்றால் 'தி' வேண்டும்: தி காவேரி, தி நீல்கிரிஸ், தி அந்தமான்ஸ். தனிச் சிகரம், ஏரி, தனித் தீவுக்கு வேண்டாம்: எவரெஸ்ட், லேக் விக்டோரியா, ஸ்ரீலங்கா. கட்டடம், நிறுவனங்களில் முன்னால் ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வந்து, பின்னால் பேலஸ், ஏர்போர்ட் மாதிரி பொதுச் சொல் இருந்தால் பெரும்பாலும் 'தி' கிடையாது. நடுவில் 'ஆஃப்' வந்தால் கதை மாறிவிடும். மெட்ராஸ் யுனிவர்சிட்டி என்றால் மொட்டையாக நிற்கும், அதையே திருப்பிப் போட்டால் தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்.

சந்தேகப் பேர்வழி:
ஐயா, லண்டனிலேயே இது உதைக்கிறதே. லண்டன் பிரிட்ஜ், டவர் பிரிட்ஜ் ரெண்டுக்கும் 'தி' இல்லை, அதே ஆற்றங்கரையில் நிற்கிற ராட்டினத்துக்கு மட்டும் தி லண்டன் ஐ. அதிலும் ஊர்ப் பெயரும் பொதுச் சொல்லும்தானே இருக்கிறது? ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டுக்கு வேண்டாம், பக்கிங்ஹாம் பேலஸுக்குப் போகிற சாலை மட்டும் தி மால். ஒற்றைச் சிகரத்துக்குக் கிடையாது என்றீர்கள், ஸ்விட்சர்லாந்தில் போய் தி மேட்டர்ஹார்ன் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி விதி, மீதி மனப்பாடம், அவ்வளவுதான். அப்புறம், தமிழில் தொல்லையே இல்லை என்று சொல்ல முடியாது வாசகன், 2013இல் 'தி இந்து' என்ற பெயரிலேயே ஒரு தமிழ் நாளிதழ் வந்தது, 'இந்து தமிழ்' என்று மாறியதெல்லாம் பிறகு.

பழைய வாத்தியார்:
ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் இதையெல்லாம் கேட்கிற பையன்களை உட்காரச் சொல்லிவிடுவோம்.

கப்பல்காரன்:
நாட்டுப் பெயர்களில் கவனமாக இருங்கள், அங்கே வெறும் இலக்கணம் மட்டும் இல்லை. பெயர் பன்மையாக இருந்தால் 'தி' வரும், தி நெதர்லாண்ட்ஸ், தி பிலிப்பைன்ஸ், தி மால்டீவ்ஸ். ஸ்டேட்ஸ், கிங்டம் போன்ற சொல் இருந்தாலும் வரும். பஹாமாஸும் ஆற்றின் பெயரைக் கொண்ட காம்பியாவும் 'தி'யைத் தங்கள் பெயரிலேயே வைத்திருக்கின்றன. உக்ரைன் நேர் எதிர். ஆங்கிலத்தில் ரொம்ப காலம் தி உக்ரைன் என்றுதான் எழுதினார்கள், 1991இல் தனி நாடான பிறகு அதை விட்டுவிட்டார்கள், 'தி' போட்டால் இன்னொரு நாட்டின் ஒரு பகுதியைச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் வருத்தம். என்னோடு வேலை பார்த்த உக்ரைன்காரர் ஒருவர், யாராவது வாய் தவறிச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவார். நெதர்லாந்து என்கிறீர்கள், அப்போ தி ஹேக் வந்திருக்குமே? அதை டச்சில் டென் ஹாக் என்பார்கள், அந்த 'டென்'னே பழைய 'தி'தான். அதனால் அது ஊர்ப் பெயரின் பகுதி, வரி நடுவில் வந்தாலும் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

வடபழனி வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. கப்பல்காரன் அண்ணே, நீங்கள் சொன்னதும் எடுத்துப் பார்த்தேன், மூன்றாம் பக்கத்தில் தி ஹேக்கில் இருந்த 'தி'யையும் சார் அடித்து வைத்திருக்கிறார். காலையில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரெண்டு தடவை படித்தார், "சரி, போட்டுடு" என்றார். இங்கே காது இடிக்கலையா சார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, மாதக் கடைசி என்பதால் கேட்கவில்லை.