ஐஸ்லாந்தில் ஒரு வீடு எந்த ஊரில் சேர்த்தி? உள்ளாட்சி எல்லைகளில் பட்டறிந்தவை

தொடக்கப் பகிர்வு

ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 3.9 லட்சம். இவ்வளவு குறைந்த மக்களுக்கு நிர்வாகம் எளிதாக இருக்கும் என்று நினைத்து இறங்குபவர்கள் முகவரியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். அஞ்சல் எண் ஒரு ஊரைச் சொல்லும், வரி வேறொரு ஊருக்குப் போகும், பத்திரப் பதிவு மூன்றாவது ஊரில் நடக்கும்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் ஸ்வேய்தார்ஃபியெலாக். நம் ஊராட்சி, நகராட்சி இரண்டுக்குமே அங்கே இது ஒன்றுதான். தலைநகர் ரெய்க்யாவிக்கும், ஏறக்குறைய ஐம்பது பேரே உள்ள ஆர்னெஸ்ஹ்ரெப்பூரும் சட்டத்தின் முன் ஒரே தட்டில் நிற்கின்றன. பள்ளி, குப்பை, கட்டட அனுமதி, தீயணைப்பு எல்லாம் இதன் பொறுப்பு. தொடக்கப் பள்ளிகள் 1996-ல் அரசிடமிருந்து இவற்றின் கைக்கு வந்தன.

திருமணம், வாரிசுரிமை, சொத்துப் பத்திரம் எல்லாம் சீஸ்லுமாதுர் என்ற மாவட்ட அதிகாரியிடம். 24 ஆக இருந்த அவர்களின் எல்லைகள் 2015 சனவரியில் 9 ஆகச் சுருக்கப்பட்டன. புள்ளிவிவரத்துக்கான வட்டாரங்களோ 8. வெஸ்ட்மன்னாஎய்யார் தீவுகளுக்குத் தனி அதிகாரி இருப்பதால்தான் இந்த ஒன்று கூடுதல். நாடாளுமன்றத் தொகுதிகள் 6. எந்த வேலைக்கு எந்தக் கோடு என்று தெரியாமல் ஒரு படிவத்தையும் நிரப்பாதீர்கள்.

மறுமொழி: அஞ்சல் எண்ணை நம்பியவர்களுக்கு

வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன கெய்சிரின் அஞ்சல் முகவரி "806 செல்ஃபோஸ்". செல்ஃபோஸ் நகரம் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. கெய்சிர் இருப்பது ப்ளாஸ்கோகாபிக்த் உள்ளாட்சியில். செல்ஃபோஸ் நகரமும் தனி உள்ளாட்சி கிடையாது. 1998-ல் நான்கு அமைப்புகள் சேர்ந்து உருவான ஆர்போர்க்கின் பகுதி அது. பழைய ஆவணங்களில் "801 செல்ஃபோஸ்" என்று மட்டும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பின்னாளில் 803 முதல் 806 வரை பிரிக்கப்பட்ட நாட்டுப்புறம் முழுக்க அந்த ஒரே எண்ணில்தான் கிடந்தது.

ரெய்க்யாவிக்கும் ஒரே துண்டு அல்ல. 1998-ல் க்யாலார்னெஸ் அதனோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே மோஸ்ஃபெல்ஸ்பயர் என்ற வேறு உள்ளாட்சி கிடக்கிறது. வரைபடத்தில் நகரத்தை ஒரே மூடிய கோடாக வரைந்தால் தவறு.

மறுமொழி: தரவு அட்டவணை வைத்திருப்பவர்களுக்கு

உள்ளாட்சி ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. முதல் இலக்கம் வட்டாரத்தைக் காட்டும்: 3 மேற்கு, 4 மேற்கு ஃபியோர்டுகள், 7 கிழக்கு, 8 தெற்கு. அக்குரெய்ரி 6000. ரெய்க்யாவிக் 0000.

அடி விழுவது இந்தக் கடைசி எண்ணில்தான். எக்செல் அதை வெறும் 0 ஆக்கிவிடும். அடுத்து வரும் நிரல் அதை "மதிப்பு இல்லை" என்று எடுத்துக்கொண்டு வரிசையையே தூக்கிவிடும். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நொடியில் காணாமல் போய்விடுவார்கள். கோப்பைத் திறக்கும் முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது சிக்கல் காலம். 1950-ல் 229 உள்ளாட்சிகள் இருந்தன. 2022 மே தேர்தலில் 64. இணையும்போது பெரும்பாலும் பழைய குறியீடு செத்து, புதியது பிறக்கும். இணையாமலும் மாறலாம்: தென்கிழக்கு மூலையிலுள்ள ஹோர்னாஃப்யோர்துர் கிழக்கு வட்டாரத்திலிருந்து தெற்குக்குப் போனதால் 7708 என்பது 8401 ஆயிற்று. குறியீட்டோடு தேதியையும் சேர்த்து வைக்காத அட்டவணையை நம்பவே முடியாது.

பெயரை வைத்துத் தேடுபவர்களுக்கு ஒன்று: ஐஸ்லாந்திய மொழியில் ஊர்ப்பெயரும் வேற்றுமை ஏற்கும். "மதுரை, மதுரையில்" போலப் பின்னால் ஒட்டினால் பரவாயில்லை. அங்கே முடிவெழுத்தே மாறும். ஹெட்லா என்ற ஊரில் இருப்பவர் பத்திரத்தில் "ஹெட்லு"வில் இருப்பார்.

மறுமொழி: குடியேறுபவர்களுக்கு

வரி, வாக்கு, பள்ளி மூன்றையும் தீர்மானிப்பது சட்டப்படியான குடியிருப்புப் பதிவு. வீடு மாறினால் 7 நாட்களுக்குள் தேசியப் பதிவகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அடுக்ககம் என்றால் வீட்டு எண்ணும் தேவை: 0203 என்றால் முதல் இரண்டு இலக்கம் தளம், அடுத்த இரண்டும் அந்தத் தளத்தில் எத்தனையாவது வீடு.

விடுமுறைக் குடில்களை வாடகைக்குப் பிடிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். குடில்களுக்கென ஒதுக்கிய மனையில் வருடம் முழுக்க வாழ்ந்தாலும் அந்த முகவரியில் குடியிருப்பைப் பதிய முடியாது. பதிவில் உள்ளாட்சியின் பெயர் மட்டும் இருக்கும், வீடு இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மனையின் வகையைக் கேளுங்கள்.

உள்ளாட்சி வருமான வரிக்குச் சட்டம் வகுத்த கீழ்வரம்பு 12.44 சதவீதம், மேல்வரம்பு 2024-ல் 14.97. டிசம்பர் 31 அன்று எங்கே பதிவோ, அந்த உள்ளாட்சியின் விகிதம்தான். மாதச் சம்பளத்தில் நாடு முழுக்க ஒரே சராசரி விகிதம் பிடிப்பார்கள், வித்தியாசம் மறு ஆண்டுக் கணக்கில் நேராகும். இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் தொடர்ந்து 3 ஆண்டு பதிவு இருந்து, 18 வயதும் நிறைந்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு.

மறுமொழி: அந்தப் பதிவு ஏன் இவ்வளவு கறார்?

ஐம்பது பேர் ஊரில் பத்துப் பேர் பெயர் மாறினால் சபையே மாறிவிடும், அதனால். 2018 தேர்தலுக்கு முன் ஆர்னெஸ்ஹ்ரெப்பூரில் நடந்தது இதுதான். நீர்மின் திட்டம் ஒன்றில் ஊர் பிளவுபட்டிருந்த நேரத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் திடீரென அங்கே பதிந்தார்கள். பதிவகம் விசாரித்துப் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது.

இத்தகைய சிற்றூர்களில் பல சமயம் கட்சிப் பட்டியலே இருக்காது. வாக்காளர் வெற்றுச் சீட்டில் தனக்கு வேண்டியவர்களின் பெயரையும் முகவரியையும் கையால் எழுதுவார். தகுதியுள்ள எல்லோரும் வேட்பாளர்களே. மனு போடவில்லை என்பது விலகக் காரணம் ஆகாது. 65 வயது கடந்தவர்களும் ஏற்கெனவே சபையில் இருந்தவர்களும் விலக்குக் கேட்கலாம்.

மறுமொழி: இணைந்த பிறகு

2020-ல் கிழக்கில் நான்கு உள்ளாட்சிகள் சேர்ந்து மூலாதிங் ஆயின. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தூரத்து ஊர்களின் குரல் மங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகப் பழைய நான்கு பகுதிக்கும் மூவர் கொண்ட உள்ளூர்க் குழு வைத்தார்கள்: இருவரை அந்தப் பகுதி மக்களே தேர்ந்தெடுப்பார்கள், ஒருவர் பெரிய சபையிலிருந்து. மனைத் திட்டம் போன்றவை இவர்களிடமே வரும். இணைப்பைப் பற்றிப் பேசும் எந்த ஊரும் முதலில் பார்க்க வேண்டிய ஏற்பாடு இது.

மறுமொழி: பழைய எல்லை சாகவில்லை

ஹ்ரெப்பூர் என்ற பழைய அலகு ஆயிரம் ஆண்டுச் சங்கதி. இடைக்காலச் சட்டத்தில் குறைந்தது 20 விவசாயிகள் சேர்ந்தால் ஒன்று. ஏழைகளைப் பேணுவது அதன் வேலை. நோயில் ஒருவர் தம் மாட்டு மந்தையில் கால் பங்கோ அதற்கு மேலோ இழந்தால், இழப்பில் பாதியை மற்றவர்கள் ஈடுசெய்ய வேண்டும்.

இன்று அதைக் காண செப்டம்பரில் ஆட்டுப்பட்டிக்குப் போக வேண்டும். கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளை ஓட்டி வர, ஆட்டுக் கணக்குப்படி ஒவ்வொரு பண்ணைக்கும் ஆள்நாள் விதிப்பது உள்ளாட்சியே. ஆள் அனுப்பாதவர் பணம் கட்ட வேண்டும். நடத்திச் செல்பவருக்கு "மலையரசர்" என்று பெயர். பட்டி வட்டமானது: நடுவே பொதுவெளி, சுற்றிலும் ஆப்பு வடிவ அறைகள், அறைக்கு ஒரு பண்ணை. ஆட்டின் காதுப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பண்ணை எண், பழைய மாவட்டத்தின் எழுத்து, ஹ்ரெப்பூரின் எண். அந்த ஹ்ரெப்பூர் கலைக்கப்பட்டுப் பல வருடம் ஆகியிருக்கலாம். ஆடு எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது.