காற்றைக் கிழித்தது யார்? (ஞாயிறு 40 கி.மீ. பந்தயம்)

பழைய ஹெர்குலிஸ் | திங்கள், காலை 6:12

கானத்தூரில் தொடங்கி, மாமல்லபுரம் சாலையில் பாதி வழியில் திரும்பி, மறுபடி கானத்தூரில் முடிந்த நம் கிளப் பந்தயத்தில் நேற்று முதலிடம் பெற்ற தம்பி இரவோடு இரவாக ஒரு படம் போட்டிருக்கிறார். இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியபடி கோட்டைத் தாண்டுகிறார். கீழே ஒரு வரி: "வாடைக்காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து வென்றேன்."

எந்தக் காற்றைக் கிழித்தார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது. திரும்பிய இடத்திலிருந்து வடக்கே வரும் வழி முழுக்க அவருடைய முகத்துக்கும் வாடைக்கும் நடுவில் என் முதுகு இருந்தது. 51 வயது முதுகு. கடைசி 200 மீட்டரில், அதுவும் காற்றுப் படாத இடப்பக்கமாக நுழைந்து, அரைச் சக்கர அளவில் முந்திவிட்டார். மெடலை அவரே வைத்துக்கொள்ளட்டும். "கிழித்தேன்" என்கிற சொல்லை மட்டும் திருப்பிக் கொடுக்கட்டும். கிழித்தவனுக்கு இன்று காலை மாடிப்படி இறங்க முடியவில்லை.

வேளச்சேரி வேகம் | காலை 7:40

அண்ணனுக்கு வணக்கம். முட்டுக்காடு பாலத்தில் முன்னால் போனது நான். பாலம் முழுவதும் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு மற்றவர்களை நான்தான் இழுத்தேன். அண்ணன் குனிந்து கிலோமீட்டர் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்ததால் கவனிக்கவில்லை போலும்.

பழைய ஹெர்குலிஸ் | காலை 7:44

எந்தப் பாலம்? போகும்போதா, வரும்போதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். போகும்போது வாடை முதுகில் இருந்தது. அப்போது முன்னால் போவது பல்லக்கில் முன்வரிசையில் உட்காருவது மாதிரி. வரும்போது என்றால், அது நடக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை | காலை 8:05

இருவரும் சண்டையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. "வெற்றி" என்றால் என்ன? சாலைப் பந்தய விதியில் முன்சக்கரத்தின் டயர் எல்லைக்கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. யார் எத்தனை கிலோமீட்டர் முன்னால் போனார் என்று விதியில் எங்கும் இல்லை. "கிழிப்பது" என்பது வேறு விஷயம்; அதை அளக்கலாம். தட்டையான சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நாம் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றுக்கே போகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். எனவே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில்

பழைய ஹெர்குலிஸ் | காலை 8:06

பாலம். பாலத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கோவைக்காரன் | காலை 8:31

கடற்கரைக்காரர்கள் தட்டைச் சாலையில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு போய்விட்டு, அதற்குப் பந்தயம் என்று பெயர் வைத்துக்கொள்கிறீர்கள். கொல்லிமலைக்கு வாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறும்போது யார் சக்கரத்தைப் பிடித்தாலும் ஒன்றும் மிஞ்சாது. அங்கே அவரவர் கால்தான்.

துருப்பிடித்த செயின் | காலை 8:50

கொல்லிமலை எப்போது கோவைக்கு வந்தது? நாமக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்.

ஹெர்குலிஸ் அண்ணன் முதுகைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் நெம்மேலி அருகே அவருக்குப் பங்க்சர் ஆனபோது குனிந்து டியூப் மாற்றிக் கொடுத்த முதுகு என்னுடையது. டியூபும் என்னுடையது. இன்றுவரை திரும்பி வரவில்லை. இதையும் பதிவு செய்கிறேன்.

வேளச்சேரி வேகம் | காலை 9:15

வரும்போதுதான் அண்ணா. கோவளம் தாண்டியதும் நீங்கள் முழங்கையை ஆட்டினீர்கள். முறை மாற்றிக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று நினைத்து முன்னால் வந்தேன். பாலம் முடியும்வரை இழுத்தேன். பிறகு நீங்களே வேகமெடுத்து என்னைத் தாண்டிப் போனீர்கள். அதற்கு நான் என்ன செய்ய?

இன்னொன்று. பிரான்ஸில் மூன்று வாரம் நாளுக்கொரு கட்டமாக ஓடும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 35 கட்டங்களை வென்று 2024இல் பழைய சாம்பியன் மெர்க்ஸின் சாதனையைத் தாண்டினாரே பிரிட்டன்காரர் கேவண்டிஷ், அவர் எத்தனை கிலோமீட்டர் முன்னால் போனார் என்று யாராவது கேட்டார்களா? கடைசி 200 மீட்டர்தான் அவர் தொழில். எனக்கும் அதுதான் வருகிறது.

பழைய ஹெர்குலிஸ் | காலை 9:21

முழங்கையை ஆட்டவில்லை. தேனீ.

கேவண்டிஷாம்! அவருக்கு முன்னால் ரயில் பெட்டி மாதிரி அவருடைய அணிக்காரர்களே போனார்கள். இழுப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். எனக்கு நீ எவ்வளவு சம்பளம் கொடுத்தாய்? பந்தயம் முடிந்ததும் ஒரு இளநீர்கூட வாங்கித் தரவில்லை.

இந்தத் தம்பியைப் பார்த்தால் எனக்கு அந்தக் கால ஹாலந்து வீரர் ஸூட்டமெல்க்தான் நினைவுக்கு வருகிறார். டூர் டி பிரான்ஸில் ஆறு முறை இரண்டாமிடம். எப்போதும் மெர்க்ஸின் நிழலிலேயே வந்ததால் வெயில் படாமல் வெளுத்திருந்தார் என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள்.

துருப்பிடித்த செயின் | காலை 9:30

நேற்று இரண்டாமிடம் வந்தது யார் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். குழப்பமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | காலை 9:34

ஸூட்டமெல்க் 1980இல் முதலிடமும் பெற்றார். சும்மா தகவலுக்கு.

பழைய ஹெர்குலிஸ் | காலை 9:36

தகவல் வேண்டாம். பாலம் வேண்டும்.

உண்மையான பந்தயம் என்றால் தனித்தனியாக விடுவதுதான். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கிளப்காரர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். அடுத்தவன் பின்னால் ஒட்டினால் தகுதி நீக்கம். அதில் கௌரவம் இருந்தது.

கணக்குப்பிள்ளை | காலை 10:02

அது கௌரவத்துக்காக வந்த ஏற்பாடு அல்ல. பொதுச்சாலையில் கூட்டமாக ஓட்டினால் போலீஸ் தொல்லை வரும், சைக்கிளையே தடை செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் வந்தது. விடியற்காலையில் ஓசைப்படாமல் ஓட்டிவிட்டுப் போனார்கள். 1942 ஜூன் 7 அன்று பெர்சி ஸ்டல்லார்ட் என்பவர் லங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்டனுக்குக் கூட்டப் பந்தயம் நடத்திக் காட்டினார். பரிசாக அவருடைய சங்கம் அவரைத் தடை செய்தது. ஆகவே நீங்கள் சொல்லும் கௌரவம்

பழைய ஹெர்குலிஸ் | காலை 10:03

ஸ்டல்லார்ட் பாலத்தில் முன்னால் போனாரா?

நீலாங்கரை அக்கா | காலை 11:20

காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று முட்டுக்காடு பாலத்தின் தென்முனையில் கொடியும் விசிலுமாக இரண்டு மணி நேரம் நின்றது யார்? நான். என்னிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழு பேர் ஒன்றாக வந்தீர்கள். வாடை வலப்பக்கம் முன்னாலிருந்து அடித்ததால் எல்லோரும் சாய்வு வரிசையில் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனீர்கள். கடைசி ஆளின் தோள் கைப்பிடிச்சுவரை உரசிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பாலத்துக்குள் நுழையும்போது முன்னால் இருந்தவர் ஹெர்குலிஸ் சார்.

பழைய ஹெர்குலிஸ் | காலை 11:21

நன்றி அம்மா. முடிந்தது.

நீலாங்கரை அக்கா | காலை 11:24

முடியவில்லை. உடனே ஒரு மீன் வண்டி வந்து மறைத்துவிட்டது. அது நகர்ந்தபோது நீங்கள் பாலத்தைத் தாண்டிவிட்டீர்கள். நடுவில் யார் முன்னால் போனார் என்று எனக்குத் தெரியாது.

சொல்ல வந்தது வேறு. கையைத் தூக்கிய படத்துக்கு இவ்வளவு சண்டை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் சாலைப் பந்தயத்தில் 137 கி.மீ. தூரம். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணித ஆய்வாளர், எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர், தொடக்கத்திலேயே சிலரோடு பிரிந்து போனார். கடைசி 40 கி.மீ. தன்னந்தனியாகக் காற்றில் ஓட்டி வென்றார். அவர் முன்னால் இருப்பதே தெரியாமல், இரண்டாவதாக வந்த ஃபான் ஃப்ளூட்டன் தான்தான் வென்றோம் என்று கையைத் தூக்கினார். முன்னால் போனேன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி உள்ளவர் கீசன்ஹோஃபர். நேற்று நம் பெண்கள் பிரிவில் ஐந்து பேர் ஓட்டினார்கள். முதலிடம் வந்தவரின் படத்தை யாராவது போட்டீர்களா?

கோவைக்காரன் | காலை 11:40

மீன் வண்டி எந்தத் திசையில் வந்தது?

வேளச்சேரி வேகம் | காலை 11:43

கோவளம் பக்கமிருந்து. எங்களுக்குப் பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டிப் போனது. அது தாண்டும்போது அதன் பின்னால் உண்டான இழுப்பில்தான் நான் முன்னால் வந்தேன்.

பழைய ஹெர்குலிஸ் | காலை 11:45

எல்லோரும் கவனிக்கவும். இவ்வளவு நேரம் "நான் இழுத்தேன்" என்றார். இப்போது மீன் வண்டி இழுத்தது என்கிறார். அப்படியானால் மெடலை வஞ்சிர மீனுக்குக் கொடுங்கள்.

வேளச்சேரி வேகம் | மதியம் 12:10

மூன்று வினாடி அண்ணா. வண்டி போய்விட்டது, பிறகு பாலம் முழுவதும் நான்.

கணக்குப்பிள்ளை சாரிடம் ஒரு கேள்வி. பின்னால் ஆள் ஒட்டி வந்தால் முன்னால் போகிறவருக்கும் காற்றின் இழுவை கொஞ்சம் குறையும் என்று படித்தேன். உண்மையா?

கணக்குப்பிள்ளை | மதியம் 12:15

உண்மை. மிகச் சிறிய அளவு, ஓரிரு சதவீதம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தத்தைப் பின்னால் வருபவர் ஓரளவு நிரப்புகிறார்.

வேளச்சேரி வேகம் | மதியம் 12:17

அப்படியானால் வழி முழுக்க அண்ணனுக்கு நான் உதவி செய்துகொண்டே வந்திருக்கிறேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை.

பழைய ஹெர்குலிஸ் | மதியம் 12:18

என்ன சொன்னாய்?

பழைய ஹெர்குலிஸ் | மதியம் 12:26

நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது இந்தப் பையன் பிறக்கவில்லை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில், கியரும் இல்லாமல், கேரியரைக் கூடக் கழற்றாமல், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வந்தவன் நான். இவருடைய சக்கரம் கார்பன். இரண்டு சக்கரத்தின் விலையில் என் முதல் மோட்டார் சைக்கிளை நான்கு முறை வாங்கியிருக்கலாம். அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்து என் முதுகுக்குப் பின்னால் 20 கி.மீ. ஒளிந்து வந்துவிட்டு, உதவி செய்தாராம்! ஓரிரு சதவீதம்! அந்த ஓரிரு சதவீதத்தைக் கணக்குப் போட்டு, எத்தனை ரூபாய் என்று சொல்லுங்கள். இன்றே கட்டிவிடுகிறேன்.

துருப்பிடித்த செயின் | மதியம் 12:31

கட்டும்போது டியூபுக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கோவைக்காரன் | மதியம் 12:50

அண்ணன் இப்போது ஓட்டுவதும் கார்பன் ஃபிரேம்தானே? போன வருடம் ஏற்காட்டுக்கு வந்தபோது பார்த்தேனே. பாதி வழியில் கைலியோடு ஒருவர் சாதாரண சைக்கிளில் பால் கேனோடு தாண்டிப் போனாரே.

பழைய ஹெர்குலிஸ் | மதியம் 12:52

அவர் இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரெதிர்த் திசையில் போவதற்குத் தாண்டுவது என்று பெயர் இல்லை.

கோவைக்காரன் | மதியம் 12:53

நான் பார்த்தது ஏறிக்கொண்டிருந்தவரை.

நீலாங்கரை அக்கா | மதியம் 1:15

பெண்கள் பிரிவில் முதலிடம் வந்தவர் யார் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

பழைய ஹெர்குலிஸ் | மதியம் 2:40

சாப்பிட்டுவிட்டு நிதானமாக யோசித்தேன். மிதிக்கும் சக்தியை அளக்கும் என் பவர் மீட்டரின் பதிவை எடுத்துப் பார்த்தேன். பாலத்தில் சராசரி 268 வாட். பின்னால் நிழலில் வந்தவனுக்கு இவ்வளவு வருமா? தம்பி தன் பதிவைப் போடட்டும்.

வேளச்சேரி வேகம் | மதியம் 3:05

என்னிடம் பவர் மீட்டர் இல்லை அண்ணா. சக்கரத்துக்கே மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | மதியம் 3:20

268 வாட் ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சாய்வு வரிசையில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் மாட்டிக்கொண்டவருக்கும் அவ்வளவு வரும்; பக்கக்காற்றில் அவருக்கு மறைப்பே கிடைக்காது. அந்த வினாடிகளில் வேகம் என்ன, நெஞ்சுத்துடிப்பு என்ன என்றும் பார்க்க வேண்டும்.

பழைய ஹெர்குலிஸ் | மதியம் 3:22

ஓரத்தில் மாட்டிக்கொண்டேனா? நானா? 25 வருடமாக அந்தப் பாலத்தில் ஓட்டுகிறேன். எந்த இடத்தில் தார் எழும்பியிருக்கிறது, எந்த இணைப்பில் சக்கரம் தூக்கிப்போடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் முன்னால் இருந்தேன். பாலத்தின் தொடக்கத்திலும் முன்னால். முடிவிலும் முன்னால். நடுவில் மட்டும் வேறு ஒருவர் எப்படி வந்திருப்பார்?

வேளச்சேரி வேகம் | மதியம் 3:24

நடுவில் வந்தேன் என்றுதானே காலையிலிருந்து சொல்கிறேன்.

பழைய ஹெர்குலிஸ் | மதியம் 3:25

காலையில் "பாலம் முழுவதும்" என்றாய். மேலே இருக்கிறது. அழிக்காதே. படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு, அதே சாலை. நீயும் நானும் தனித்தனியாக. ஒரு நிமிட இடைவெளி. நான் முன்னால் கிளம்புகிறேன்.

வேளச்சேரி வேகம் | மாலை 4:10

ஞாயிறு முடியாது அண்ணா. திங்கட்கிழமை செமஸ்டர் தேர்வு. மேலும், நீங்கள் முன்னால் கிளம்பினால் மறுபடி உங்கள் பின்னால் வந்தேன் என்பீர்கள்.

பழைய ஹெர்குலிஸ் | மாலை 4:11

தேர்வாம்.

துருப்பிடித்த செயின் | மாலை 5:30

ஞாயிறு நான் வருகிறேன். பந்தயத்துக்கு அல்ல. என் டியூபை வாங்கிக்கொள்ள. 60 மி.மீ. வால்வு. மறந்துவிட வேண்டாம்.

பழைய ஹெர்குலிஸ் | மாலை 5:34

48 மி.மீ. நீங்கள் கொடுத்தது 48. என் விளிம்பு 50 மி.மீ. ஆழம். வால்வு வெளியே தலைகாட்டவே இல்லை. பம்பை எதில் மாட்டுவது என்று தெரியாமல் கோவளம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

துருப்பிடித்த செயின் | மாலை 5:36

60.