தரையில் ஒரு சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது

சேலத்துக்காரன்:
2013 மாடல் டீசல் கார், 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பத்து நாளில் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) டப்பாவில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. போர்ட்டிகோ தரையோ காய்ந்தே கிடக்கிறது. போன ஞாயிறு ஏற்காடு ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் டெம்பரேச்சர் முள் முக்கால் பங்கைத் தொட்டது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்ததுமே "ரேடியேட்டர் மாத்தணும் சார், 9,500 ஆகும்" என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

டிப்போ ஆசாமி:
தம்பி, அவசரப்பட்டு ரேடியேட்டர் வாங்காதீங்க. சில ஒழுகல் வண்டி சூடாகி, உள்ளே பிரஷர் ஏறினால்தான் வரும். சூடான இன்ஜின் மேலேயே பட்டு ஆவியாகிவிடும், தரைக்கு வராது. ஆனால் தடம் விட்டுப் போகும். காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் சேரும் இடங்கள், வாட்டர் பம்ப்புக்குக் கீழே, ரேடியேட்டர் ஓரங்கள். காய்ந்த உப்பு மாதிரி வெள்ளையாகவோ, உங்கள் கூலன்டின் நிறத்திலோ பொருக்கு இருந்தால் அங்கேதான் கசிவு. மூடியின் ரப்பரையும் பாருங்கள், வெடித்திருந்தால் பிரஷர் நிற்காது. சூட்டில் மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. என் முழங்கையில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான்.

அப்புறம், ஏசி போட்டால் இடது பக்கம் சொட்டுவது வெறும் தண்ணீர். அதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் நிறைய.

ராத்திரிஓட்டி:
பக்கத்து சீட்டுக் கால்மிதிக்குக் கீழே கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்து, உள்ளே இனிப்பு வாடையும் அடித்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. ஆயில் மூடியில் பால்காப்பி நிறத்தில் குழம்பு, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, டப்பாவில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகப்பட வேண்டியதுதான்.

சேலத்துக்காரன்:
நன்றி அண்ணே. காலை ஆறு மணிக்கு டார்ச்சோடு நின்றேன், பால்காரர் ஒரு மாதிரி பார்த்தார். கார்பெட் காய்ந்திருக்கிறது, ஆயில் சுத்தம். மேல் ஹோஸ் இன்ஜினில் சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ரோஸ் நிறப் பொருக்கு! செல்போனை உள்ளே விட்டுப் படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஸ்பிரிங் கிளிப் தளர்ந்திருக்கிறது, ஹோஸ் முனையும் விறைத்துப் போயிருக்கிறது. இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அதுவரை போர் தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா?

டிப்போ ஆசாமி:
வேண்டாம் தம்பி, உப்பு படிந்தால் அப்புறம் நிஜமாகவே ரேடியேட்டர் மாற்ற வேண்டி வரும். டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கோங்க. மாற்றும்போது தரையில் சிந்துகிற கூலன்டைக் கழுவிவிடுங்கள். தித்திப்பாக இருக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.