மறு: சூழல் அறிவியலில் கதைவழிப் பாடம் – சொல் வேண்டும்

> "கதைவழி ஆய்வு" என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

கதைபோல் விரியும் இந்தப் பாடமுறைக்கு அந்தப் பெயர் எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளியில் ஆய்வு என்றால் அதிகாரி வந்து பதிவேடு பார்ப்பது. கதை என்றால் ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் கேட்பது. நாம் பெயர் தேடும் முறையிலோ முடிவை ஆசிரியர் சொல்வதே இல்லை. சான்றுகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார், பிள்ளைகள்தான் முடிவுக்கு வந்துசேர வேண்டும். சொல்லில் அது தெரிய வேண்டும்.

பாறு கழுகுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலை வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் கழுத்து தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கின்றன, பிறகு செத்து விழுகின்றன. முதல் நாள் இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இரை கிடைக்கவில்லை, பூச்சிமருந்து, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். மாட்டுச் சடலங்களுக்குக் குறைவில்லை என்பது அடுத்த துப்பு. தொற்றுநோயோ என்று ஆய்வாளர்களே சில ஆண்டுகள் சந்தேகித்தார்கள். பிள்ளைகளும் அந்த வழியில் கொஞ்சம் போய்வரட்டும். அப்புறம் உடற்கூறாய்வு: உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தால் இப்படிப் படியும். சரி, அதைச் செயலிழக்கச் செய்தது எது?

பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004இல் விடை சொன்னது. மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் கூட்டமாக உண்ணும் பறவை என்பதை வைத்து, அது எப்படி என்று பிள்ளைகளே யோசித்துவிடலாம். 2006இல் இந்தியாவில் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுவதால், நீலகிரி, ஈரோடு மாவட்டப் பள்ளிகளுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தி.

இந்தப் பாடத்தை நகர்த்துவது துப்புதான். துப்பு + ஆய்வு = துப்பாய்வு. முழுப்பெயர் வேண்டுமென்றால் 'கதைவழித் துப்பாய்வு'.

இன்னொரு நண்பர் 'புலனாய்வு' என்றார். அது காவல்துறையும் இதழியலும் எடுத்துக்கொண்ட சொல், குற்றவாளியைத் தேடுவது. இங்கே குற்றவாளி இல்லை. மாட்டின் வலி தீரட்டும் என்று மருந்து போட்டவர்தான் இருக்கிறார், அவரைப் பிள்ளைகள் குற்றவாளியாகப் பார்த்துவிடக் கூடாது. துப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. காணாமல்போன மாட்டைத் தேடுகிறவரும் துப்பு கிடைத்ததா என்றுதான் கேட்பார். எச்சில் துப்புவது நினைவுக்கு வந்து வகுப்பு சிரிக்கும் என்ற அச்சமும் வேண்டாம். துப்பறிவாளர் என்று அன்றாடம் சொல்கிறோம், யாரும் சிரிப்பதில்லை.

துப்பாய்வுப் பாடம், துப்பாய்வுத் தாள் என்று சேர்த்துச் சொல்லவும் தடையில்லை. வினைச்சொல்லாக வருமிடத்தில்தான் எனக்குத் தயக்கம். "துப்பாய்ந்து விடை காண்க" என்று வினாத்தாளில் எழுதினால் இயல்பாக இருக்கிறதா? வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள்.