வெள்ளவத்தைச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு, வெள்ளி)

தர்ஷி: திங்கள் என்ர வகுப்புக்குச் சாமான் வேணும். பனையோலை விசிறி, கொஞ்சம் கடல் மணல், சங்கு, பட்டவால். ஆரிட்ட இருக்கு?

சுதா சித்தி: என்ன பிள்ளை, கோயில் திருவிழாவோ

கஜன்: பட்டம் விடுற நேசரியோ, என்னையும் சேருங்கோ

தர்ஷி: கதை சொல்லப் போறன் சித்தி. "காலிமுகத்திடலுக்குப் போறம்" எண்டு எட்டே எட்டு வரி. ஒரு வரிக்கு ஒரு சாமான். "காத்து வீசுது" எண்டிட்டு விசிறியால மெல்ல வீசுவன். "மணல் ஒட்டுது" எண்டால் தட்டில மணல். பட்டம் வந்தால் வாலை உள்ளங்கையில இழுத்து விடுவன். வகுப்பில ஒருத்தனுக்குக் கண் தெரியாது, இன்னொரு பிள்ளை இன்னும் கதைக்கிறேல்லை. படத்தைக் காட்டிக் கதை சொன்னால் அவன் என்ன செய்வான்?

ரஞ்சன் மாமா: காலிமுகத்திடல் கடற்கரை நடைபாதை 1856இல் தொடங்கி 1859இல் முடிந்தது. கவர்னர் ஹென்றி வார்ட். கொழும்புப் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. அதையும் சேர்.

தர்ஷி: மாமா, எல்லாம் மூண்டு நாலு வயசு

ரஞ்சன் மாமா: முன்னர் அங்கே குதிரைப் பந்தயமும் நடந்தது

கஜன்: மாமா பந்தயம் கட்டியிருப்பார்

சுதா சித்தி: இறால் வடை இல்லாமல் காலிமுகத்திடலோ? நான் பொரிச்சுத் தாறன்

வதனா பெரியம்மா: வெள்ளிக்கிழமையில இறால் கதை வேண்டாம்

சுதா சித்தி: திங்களுக்குத்தானே அக்கா

தர்ஷி: இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒண்டு இருக்கு சித்தி. கச்சானும் வேண்டாம். தேசிக்காயை வெட்டி மணக்கக் குடுக்கிறன், காணும்.

கஜன்: யூடியூப்பில அலைச்சத்தம் போடன். சங்கு என்னத்துக்கு

தர்ஷி: சங்கைக் காதில வைச்சால் பிள்ளை தலையைத் திருப்பும், கையால தடவும். போனுக்குள்ள எதைத் தடவுறது? இன்னொண்டு, ஒவ்வொரு நாளும் அதே சொல்லு, அதே வரிசை. அடுத்தது என்ன வரும் எண்டு பிள்ளை தானாப் பாத்திருக்க வேணும். தொட விருப்பமில்லாட்டி விட்டிடுவன், கையைப் பிடிச்சு மணலுக்க வைக்கிறேல்லை. ஒரு வரி சொல்லிப்போட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும்.

கஜன்: நீயோ?

சுதா சித்தி: அம்மம்மாவின்ர சங்கு எங்க? கடைசியா ஆற்ற வீட்டை போனது?

வதனா பெரியம்மா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சுதா சித்தி: வாசிச்சிட்டன் அக்கா

வதனா பெரியம்மா: அது பூசைச் சங்கு. எச்சில் படும்.

தர்ஷி: ஊதுறேல்லை பெரியம்மா. துடைச்சுத் துடைச்சுத்தான் குடுப்பன்

சுதா சித்தி: வீடு மாறேக்க ரண்டு கிழமைக்கு எண்டுதான் கொண்டுபோனது

ரஞ்சன் மாமா: (குரல் பதிவு 3:12)

கஜன்: குதிரையோ மாமா

தர்ஷி: விசிறி???

ரஞ்சன் மாமா: பதிவில் சொன்னேன். இரண்டு உண்டு, ஒன்று கிழிந்தது.

வதனா பெரியம்மா: ஞாயிறு பின்னேரம் வா பிள்ளை. சங்கைப் பாப்பம்

சுதா சித்தி: பாப்பமாம்

தர்ஷி: கஜன், கடற்கரைக்குப் பக்கத்தில நீதான். மணலை அரிச்சு, கழுவிக் காயவைச்சுத் தா. சிப்பித் துண்டு ஒண்டும் இருக்கக்கூடாது, பிள்ளையள் வாயில போட்டிடுங்கள்

கஜன்: நாளைக்கு மழையாம்

தர்ஷி: கஜன்

சுதா சித்தி: அப்ப வடை ஞாயிறு அக்கா வீட்டை. எத்தினை பேர் வாறியள்?