கைவீக்கத்துக்கு நிணநீர் வடிப்புச் சிகிச்சை: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பின் என் அம்மாவின் இடக்கை வீங்கத் தொடங்கியது. மாலையானால் வளையல் பதிந்த தடம் வெகுநேரம் மறைவதில்லை. இரத்தத் தந்துகிகளிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் எஞ்சுவதை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் அளவில், புரதத்தோடு சேர்த்து நிணநீர் நாளங்கள் கழுத்தடிச் சிரைகளில் கொண்டுசேர்க்கின்றன என்றும், அவற்றுக்கென இதயம் போன்ற ஓர் உறுப்பு இல்லாததால் தசையசைவும் மூச்சும் நாளச்சுவரின் சுருக்கமுமே அதை நகர்த்துகின்றன என்றும் படித்தறிந்தேன். நீர்நீக்கி மாத்திரையால் பெரிய பயனில்லை (தேங்கிய புரதம் அதனால் வெளியேறாதே!). அழுத்தக் கட்டுப் போடுவதிலும் நிணநீர் வடிப்பிலும் (தேங்கிய நீரைக் கையால் மென்மையாகத் தடவி நகர்த்தும் முறை) பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் மதுரைப் பக்கம் இருந்தால் தெரிவியுங்கள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கலாமா என்பதையும் விவரமறிந்தோர் சொன்னால் நன்றியுடையவனாவேன்.